முன்னறையில் ஓடிக்கொண்டிருந்த மோட்டார்

எங்கள் அண்ணனின் முதலாம் ஆண்டு நினைவு ஆராதனைக்கு வெயிலைப் பாராமல் வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையின் ஸ்தோத்திரம். ஜெபம் தொடங்கும்வரை உங்களில் பாதிப் பேர் இதை வைத்து விசிறிக்கொண்டிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். நானும் எத்தனையோ வீட்டு மலர்களை அப்படித்தான் பயன்படுத்தியிருக்கிறேன். இன்று மட்டும் தயவுசெய்து படித்துவிட்டு விசிறுங்கள்.

ஏனென்றால், இந்த ஒரு வருடமாக அந்த வீட்டைப் பற்றி ஊரில் பலவிதமான பேச்சு. அண்ணன் போன பிறகும் முன்னறையில் மூச்சுவிடும் சத்தம் கேட்கிறது என்று சிலர் சொன்னீர்கள். மதினிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று சிலர் சொன்னீர்கள். முதலாவது உண்மைதான், சத்தம் கேட்டது. இரண்டாவது பொய். நடந்ததை நடந்தபடி எழுது என்று மதினியே என்னிடம் சொல்லிவிட்டதால் எழுதுகிறேன்.

அண்ணன் நாசரேத்தில் பிறந்தார். அப்பா அங்கே மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அண்ணன் பாலிடெக்னிக் முடிப்பதற்குள் அப்பா போய்விட்டார். அம்மாவும் நானும் அண்ணன் தலையில் விழுந்தோம். தூத்துக்குடி துறைமுகத்தில் மின்பிரிவில் வேலை கிடைத்ததும் எங்கள் இருவரையும் அழைத்துவந்து ஒற்றை அறையில் குடிவைத்தார். என்னைப் படிக்கவைத்து, தபால் ஆபீஸ் வேலைக்குப் பரீட்சை எழுதவைத்து, சாத்தான்குளத்தில் கட்டிக்கொடுத்தார். அதன் பிறகுதான் தனக்குப் பெண் பார்க்கச் சொன்னார். மதினி இந்த வீட்டுக்கு வந்தபோதே அண்ணனுக்குக் காதோரம் நரைத்திருந்தது.

துறைமுகத்தில் கிரேன் நின்றுபோனால் அண்ணனைத்தான் தேடுவார்கள். கப்பல்காரர்கள் நீட்டிய சென்ட் பாட்டிலையோ சாக்லேட்டையோ அவர் தொட்டதில்லை. ஒரே ஒரு முறை, ஒரு கப்பல் அதிகாரியின் சட்டைப் பையில் இருந்த மைப்பேனாவைக் கேட்டு வாங்கி, தன் கையெழுத்தைப் போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாராம். அந்தப் பேனாவின் முள் தாளில் வழுக்கிய அழகைப் பற்றிச் சாப்பாட்டு வேளையில் ஒரு வாரம் பேசினார். கேட்டுக்கேட்டு எங்களுக்குச் சோறு இறங்கவில்லை.

அண்ணனுக்குக் குடி கிடையாது, சீட்டு கிடையாது. இருந்தவை இரண்டு பைத்தியம். ஒன்று கடல்மீன் தொட்டி, மற்றொன்று மைப்பேனாவும் நல்ல தாளும். தண்ணீரும் தாளும் ஒன்றுக்கொன்று ஆகாது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இவரோ இரண்டையும் ஒரே முன்னறையில் வைத்துக் குடும்பம் நடத்தினார்.

தொட்டிக்கு வேண்டிய எதையும் கடையில் வாங்கமாட்டார். கஞ்சத்தனம் என்று யாரும் நினைக்க வேண்டாம். செய்துபார்த்து வீணாக்கியதற்கே அதைவிட அதிகம் செலவாகியிருக்கும். “கடையில வாங்குனா அது அவன் செஞ்சது. அது ஓடுனா எனக்கு என்னளா சந்தோசம்?” என்பார். கண்ணாடி வெட்டி ஒட்டியதும் அவர்தான். பிளம்பிங் பைப்பையும் தண்ணீர் கேன் மூடியையும் சேர்த்து, தொட்டி அழுக்கை நுரையாக்கி மேலே தள்ளும் கருவி செய்ததும் அவர்தான். அந்தக் கருவியின் அடியில் ஒரு மரக்கட்டை உண்டு. காற்று மோட்டாரிலிருந்து வரும் ரப்பர் குழாயை அதில் செருகினால், கட்டையின் துளைகள் வழியாகக் காற்று பொடிக் குமிழியாக ஏறும். முருங்கை, வேம்பு என்று கிடைத்த மரத்தையெல்லாம் அறுத்துப் பார்த்து, பூவரசுதான் சரி என்று கண்டுபிடித்த அன்று தெருவில் போன வந்தவரையெல்லாம் உள்ளே கூப்பிட்டுக் குமிழியைக் காட்டினார்.

ஆவியாகிக் குறையும் தண்ணீருக்கு ஈடாக, மருந்துக்கடையில் குளுக்கோஸ் ஏற்றும் குழாய் வாங்கி, மேலே ஒரு கேனை மாட்டி, சொட்டுச் சொட்டாக நல்ல தண்ணீர் இறங்கும்படி வைத்தார். புது மோட்டார் தண்ணீரை எப்படித் தள்ளுகிறது என்று பார்க்க வாளித் தண்ணீரில் நீல மை ஒரு சொட்டு விடுவார். அது மதினி வெள்ளைத் துணி ஊறவைத்த வாளி என்பது பிறகுதான் அவருக்குத் தெரியும். அன்றைக்கு அந்த வீட்டில் கிடைத்த பாட்டை நான் இங்கே எழுத முடியாது.

தாள் விஷயத்தில் இன்னும் மோசம். கடல்காற்றில் தாள் நமத்து, மை இறகு இறகாகப் பரவுகிறது என்று, மதினியின் எவர்சில்வர் அரிசி டிரம்மைக் காலிசெய்து அதற்குள் தாள்களை அடுக்கிவிட்டார். பாண்டிச்சேரியில் கையால் செய்த தாள், ஜப்பானிலிருந்து தருவித்த மெல்லிய தாள் எல்லாம் டிரம்மில் இருக்கும். அரிசி சாக்கிலேயே கிடக்கும்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்ததும் அவருடைய கூட்டாளிகள் இருவரும் வந்துவிடுவார்கள். ஒருவர், உப்பளம் வைத்திருப்பதால் நாங்கள் உப்பள அண்ணாச்சி என்று கூப்பிடுகிறவர். மற்றவர், கப்பல் சரக்கு ஏஜென்ட் ஆபீசில் வேலைபார்த்த பர்னாந்து அண்ணன். அவர் வீட்டிலும் கடல்மீன் தொட்டி உண்டு. மூவரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேனாவுக்கு மை நிரப்பி எழுதிப்பார்ப்பார்கள். எந்தப் பேனா வந்தாலும் அண்ணன் எழுதிப்பார்ப்பது ‘தூத்துக்குடி’ என்ற ஒரே வார்த்தைதான். வளைவு, சுழி, புள்ளி எல்லாம் அதில் இருக்கிறது, பேனாவின் யோக்கியதை தெரிந்துவிடும் என்பார்.

“ஏலே பர்னாந்து, என்னல மை இது? மீன் கழுவுன தண்ணி மாதிரி இருக்கு.”

“மயில் கழுத்துக் கலருன்னு கடைக்காரன் சொன்னாம்லா.”

“மயிலு செத்துக் கெடந்தா ஒருவேளை இந்தக் கலரு வரும்.”

உப்பள அண்ணாச்சி சிரித்துச் சிரித்துத் தேநீரைத் தாளில் கொட்டிவிடுவார். மூன்று கிழவர்களும் பதறிக்கொண்டு ஒற்றுத்தாள் தேடும் காட்சியைச் சமையலறை வாசலில் நின்று நானும் மதினியும் பார்த்திருக்கிறோம். அண்ணன் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததை வேறு எங்கும் நான் பார்த்ததில்லை.

பிறகு அந்த இருமல் வந்தது. பீடி சிகரெட்டைத் தொடாத மனிதருக்கு நுரையீரல் இறுகிச் சுருங்கும் நோய். பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கட்டிலுக்கு மேலே சுவரில் ஒரு சின்னப் போத்தல். ஆக்சிஜன் அதிலுள்ள தண்ணீர் வழியாகக் கொப்பளித்துக்கொண்டு வரும். முகத்தில் மாஸ்க் இருந்ததால் அண்ணனால் பேச முடியவில்லை. எழுதிக் காட்டினார். ஆஸ்பத்திரி சீட்டின் பின்பக்கத்தைக் கொடுத்தோம். ‘தாள் மட்டம்’ என்று அதில் எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார். உயிர் போகிற நேரத்திலும் ஒரு மனிதனுக்கு இந்த வீம்பு உண்டா! மதினி ஊருக்கு ஆள் அனுப்பி டிரம்மிலிருந்து நல்ல தாளும் அவருடைய கறுப்புப் பேனாவும் வரவழைத்தார். அண்ணன் போத்தலைக் காட்டி, அதில் ‘நம்ம வீட்டுச் சத்தம்’ என்று எழுதினார்.

தொண்டையில் குழாய் போடுவதற்கு முன்னால் அவர் கடைசியாக எழுதியது, ‘மோட்டார் ஓடுதா?’ என்பது. மதினி தலையை ஆட்டினார். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் விழிக்கவில்லை. மெஷின்தான் மூச்சு விடுகிறது, இனித் திரும்பமாட்டார், எடுத்துவிடலாமா என்று டாக்டர் மதினியிடம் கேட்டார். நான் பக்கத்தில் நின்றேன். அண்ணனின் மகள் பெங்களூரிலிருந்து வந்துசேர்ந்து அழுதுகொண்டிருந்தாள். அவள் வாயிலிருந்தோ என் வாயிலிருந்தோ ஒரு வார்த்தை வரவில்லை. மதினி சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்தார். “எடுத்துருங்க சார்” என்றார். அண்ணனின் நெஞ்சு ஏறி இறங்குவது நின்றது. சுவரில் அந்தப் போத்தல் மட்டும், யாரும் மூடாததால், கொஞ்ச நேரம் கொப்பளித்துக்கொண்டிருந்தது.

அடக்கம் முடிந்து எல்லாரும் வீட்டுக்கு வந்தபோது முன்னறையில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அதே கொப்பளிப்பு. மகள் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். “நிறுத்திருங்க அத்த, எனக்குத் தாங்கல” என்றாள். நான் சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினேன். மதினி என் மணிக்கட்டைப் பிடித்தார். வளையல் அழுந்திக் கை கன்றிவிட்டது.

“ஒரு தடவ நிறுத்தச் சொல்லிட்டேன். இன்னொரு தடவ என்னால ஆகாது, ஏளா.”

வருடம் முழுக்க நடந்தது இதுதான். மகள் பெங்களூருக்குக் கூப்பிட்டாள். வரமாட்டேன், மோட்டாரை யார் பார்ப்பது என்றார் மதினி. சாத்தான்குளத்துக்காவது வாருங்கள் என்று நானும் கெஞ்சினேன். ஒரு கல்யாணத்துக்கு வரவில்லை, கண் ஆபரேஷனுக்குப் போகவில்லை. முன்னறையில் பாய் விரித்து அந்தச் சத்தத்துக்குப் பக்கத்திலேயே படுத்தார். “நீ கேட்டுப் பாரு. மூச்ச இழுத்து விடுதாவ பாரு” என்பார். நான் கேட்டேன். குழாயில் எங்கோ தண்ணீர் சிக்கி, சத்தம் சற்று நின்று, பிறகு பெருமூச்சாக வரும். அண்ணனின் கடைசி மாதங்களின் மூச்சு அச்சு அசல் அதுதான். பகல் வெளிச்சத்திலேயே நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன்.

ஒரு மத்தியானம் நான் சொல்லாமல் வந்தேன். கதவு சாத்தியிருக்கவில்லை. மேசைமேல் ஜப்பான் தாளில் ‘தூத்துக்குடி’ என்று எழுதியிருந்தது. அண்ணனின் எழுத்து. தொட்டேன், விரலில் மை ஒட்டியது. “அண்ணே” என்று கூப்பிட்டுவிட்டேன், வெட்கமில்லாமல். உள்ளேயிருந்து மதினி வந்து, “நான்தாம்ளா. பேனாவ எழுதாமப் போட்டா மை காஞ்சு முள்ளு அடச்சிக்கிடும்னு சொல்லுவாவல்லா. வாரத்துக்கு ஒருக்க எழுதி வைக்கேன்” என்றார். இத்தனை வருடம் பக்கத்தில் நின்று பார்த்ததில் அந்த ‘தூ’வின் வால்கூட மதினியின் கையில் அப்படியே வந்திருந்தது. பொய் ஏன் சொல்ல வேண்டும், காரணம் தெரிந்த பிறகும் எனக்குப் பயம் போகவில்லை.

இதற்கிடையில் மீன்கள் ஒவ்வொன்றாகச் சாகத் தொடங்கின. தொட்டியில் தண்ணீர் குறைந்தால் என்ன ஊற்றுவது என்று அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது; கேனை நிரப்பியது எப்போதும் அண்ணன்தான். மேலே மாட்டிய கேனில் அண்ணன் அதை எழுதி ஒரு சீட்டு ஒட்டியிருந்தார். உயர்ந்த தாளில், அவருக்குப் பிரியமான பச்சைநீல மையில். உப்புச்சாரல் பட்டுப்பட்டு அது கரைந்து வெறும் கறையாகிவிட்டது. பால்பாயின்ட் பேனாவில் கிறுக்கியிருந்தால் அந்த மீன்கள் பிழைத்திருக்கும், அண்ணே! கடல் மீனுக்குக் கடல் தண்ணீர்தானே என்று மதினி கேட்க, உப்பள அண்ணாச்சி தன் உப்பளத்துக்குக் கடலிலிருந்து நீர் ஏறும் வாய்க்காலில் கேன் கேனாக மொண்டுவந்து கொடுத்தார். மதினி ஊற்றிக்கொண்டே இருந்தார்.

பர்னாந்து அண்ணன் வெளியூரில் மகன் வீட்டில் இருந்தவர், திரும்பிவந்து தொட்டியைப் பார்த்ததும் விரலை விட்டு நக்கினார். துப்பினார். உப்பளத்தில் தண்ணீரின் உப்பைப் பார்க்கும் கண்ணாடிக் குழாயைக் கொண்டுவரச் சொல்லி மிதக்கவிட்டார்கள். உப்பள அண்ணாச்சி நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“தண்ணி ஆவியாப் போகும், உப்பு நிக்கும். அப்பங் காலத்துலேருந்து அதவச்சுத்தான் கஞ்சி குடிக்கேன். நானே கொண்டாந்து ஊத்தி வீட்டுக்குள்ள உப்பளம் போட்டுட்டேனே, பர்னாந்து!”

நல்ல தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுச் சரிசெய்ய நாளானது. அதற்குள் ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்ட மீன் ஒன்றைத் தவிர எல்லாம் போய்விட்டன. மதினி அதற்குப் பிறகு இன்னும் இறுகிப்போனார். ஒற்றை மீனுக்காக ஒரு மோட்டார். பெங்களூர் என்ற பேச்சை எடுக்கவே யாருக்கும் துணிவில்லை.

போன மாதம் இந்த மலர் வேலைக்காக நான் அங்கே தங்கியிருந்தேன். பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாள். கரண்ட் போனாலும் மோட்டார் ஓடும்படி அண்ணன் ஒரு பழைய கார் பேட்டரியை இணைத்து வைத்திருந்தார். அந்தப் பேட்டரிக்கும் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியாது. காலையில் கரண்ட் போனது. மோட்டார் இரண்டு விக்கல் விக்கி நின்றுவிட்டது.

அந்த வீடு அவ்வளவு அமைதியாக இருந்ததை நான் கேட்டதே இல்லை. நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்த மதினி, கை கழுவாமல் ஓடிவந்தார். தொட்டியின் முன்னால் நின்றார். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது.

“மதினி, பர்னாந்து அண்ணனுக்குப் போன் போடட்டா?”

அவர் மோட்டாரிலிருந்து ரப்பர் குழாயைப் பிடுங்கினார். மறுமுனையிலிருந்த பூவரசங்கட்டையைக் கழற்றி எறிந்தார். குழாயை வாயில் வைத்து ஊதினார். தண்ணீருக்குள் குமிழி வந்தது. மூச்சை இழுத்து மறுபடி ஊதினார். “விடுங்க மதினி, தலை சுத்தும்” என்று நான் தோளைப் பிடித்தேன். தட்டிவிட்டார். கண்ணீர் கன்னத்தில் ஓட, கழுத்து நரம்பு புடைக்க, ஊதிக்கொண்டே இருந்தார். நிறுத்தச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. அவர் தரையில் உட்கார்ந்துவிட்டபோது குழாயை நான் வாங்கி ஊதினேன். நான் களைத்தபோது அவர் வாங்கினார். மத்தியானச் சோறு பொங்கவில்லை.

என் போனைக் கேட்டுப் பர்னாந்து அண்ணன் வேர்த்து விறுவிறுத்து வந்தார். எங்கள் கோலத்தைப் பார்த்துத் திகைத்துப்போனார்.

“என்ன மதினி இது! ஒரு மக்குல தண்ணிய மோந்து மோந்து ஊத்துனாலே மீனு பொழச்சுக்கிடுமே!”

மதினி குழாயை மடியில் வைத்துக்கொண்டார். மூச்சு வாங்கியது.

“தெரியும்ணே. கரண்ட் போறப்ப அவிய அப்படிச் செய்யுறதப் பாத்திருக்கேன்லா. எனக்கு ஊதணும்போல இருந்துச்சு.”

பர்னாந்து அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, மக்கை எடுத்து, தண்ணீரை மொண்டு ஊற்றத் தொடங்கினார். மதினி என் பக்கம் திரும்பினார்.

“எம்புட்டு நேரம் ஊத முடிஞ்சுது பாத்தியா, ஏளா? நெஞ்சு வலிக்கு. ஆஸ்பத்திரியிலயும் இப்படித்தான் என்னால ஆனமட்டும் பாத்தேன். அவியளுக்கு அது பத்தல. நான் அவியள விடல... மூச்சுதான் பத்தல.”

நான் அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன். ஆஸ்பத்திரியில் அழாத அழுகை எல்லாம் அன்று வந்தது.

கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓட ஆரம்பித்தது. மதினி அதைக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு, “பர்னாந்து அண்ணே, மீன உங்க வீட்டுக்குக் கொண்டு போங்க. அங்கன கூட்டு இருக்கு அதுக்கு” என்றார். பர்னாந்து அண்ணன் மீனைக் கேனில் எடுத்துக்கொண்டார். மதினி சுவரண்டை போய், தன் கையாலேயே சுவிட்சை அணைத்தார். அந்த வீட்டில் ஒரு சுவர்க்கடிகாரம் இருப்பதே அன்றுதான் எனக்குக் கேட்டது. சத்தம் இப்போது மதினிக்குக் கேட்பதில்லையாம். எனக்குத்தான் சாத்தான்குளத்தில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் அசரும்போது, சில நாள் கேட்கிறது. எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன்.

மதினி அடுத்த மாதம் பெங்களூரில் மகளிடம் போகிறார். கண்ணையும் காட்டிக்கொள்வார். பேனாக்களை உப்பள அண்ணாச்சி வாங்கிக்கொள்கிறார். வாராவாரம் எழுதவேண்டும் என்பது நிபந்தனை.

அண்ணனின் நோயிலும் அடக்கத்திலும் எங்களைத் தாங்கிய போதகர் ஐயாவுக்கும், சபையாருக்கும், துறைமுகத்து நண்பர்களுக்கும், இரத்தம் கொடுத்த பிள்ளைகளுக்கும், சமைத்து அனுப்பிய பக்கத்து வீடுகளுக்கும், உப்பள அண்ணாச்சிக்கும், பர்னாந்து அண்ணனுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இதுவரை எழுதி மதினியிடம் வாசித்துக் காட்டினேன். கேட்டு முடித்துவிட்டு, “டாக்டர விட்டுட்டியே” என்றார்.

“எந்த டாக்டர், மதினி?”

“எடுத்துரலாமான்னு என்னையக் கேட்டாவல்லா, அவிய.”

“அவியளுக்கு எதுக்கு நன்றி?”

“கேக்காமலே எடுத்திருக்கலாம். கேக்காமலே மெஷின ஓட விட்டிருக்கலாம். என்னைய உக்காரவச்சு, தண்ணி குடுத்து, கேட்டாவ. ஒங்க அண்ணனுக்குப் பொஞ்சாதின்னு நெனச்சுக் கேட்டாவ. நான் சொன்னேன். அது நான் சொன்னதுதான். எழுது.”

டாக்டர் ஐயா, எங்கள் மதினியைக் கேட்டதற்கு நன்றி.